புள்ளியியல் கழகத்தில் ஒரு டைனசார்

(மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

கொல்கத்தா நகரின் வடபகுதியில், பாரக்பூர் டிரங்க் சாலையில், இந்தியப் புள்ளியியல் கழகம் அமைந்துள்ளது. ஐந்தாண்டுத் திட்டங்களின் வரலாற்றைப் பயின்றோர்க்கு இப்பெயர் புதிதன்று. 1956-ஆம் ஆண்டு தொடங்கிய இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்திற்கு அடிப்படையாய் நின்ற கணக்கியல் மாதிரியை வகுத்தவர், இக்கழகத்தை நிறுவிய பேராசிரியர் பி. சி. மகலநோபிஸ் அவர்களே. அக்கழகத்திற்கு முதன்முறையாக வரும் ஒருவர், எண்களையும் அட்டவணைகளையும் எதிர்பார்த்தே வருவார். நிலவியல் பிரிவின் அருங்காட்சியகத்துள் அவர் காலடி எடுத்து வைத்ததும் காண்பதோ, ஏறத்தாழ 14 மீட்டர் நீளமுள்ள ஒரு டைனசாரின் எலும்புக்கூடு. வால் ஒரு கோடியில். நீண்ட கழுத்து மறு கோடியில். இடையே தூண்களைப் போன்ற நான்கு கால்கள்.

அவ்விலங்கின் பெயர் பாராபாசாரஸ் டாகோரி. 'பாரா' என்பது வங்காளத்திலும் வேறு சில வடமொழிகளிலும் 'பெரிய' எனப் பொருள்படும்; 'பா' என்றால் கால். முதலில் வெளிப்பட்ட எலும்புகளுள் ஒன்று 1.7 மீட்டர் நீளமுள்ள தொடை எலும்பு. அதைக் கண்டவர்கள் 'பெரிய கால்' என்று சொல்லத் தொடங்கினர். அச்சொல்லே பின்னர் அறிவியற் பெயராயிற்று. பெயரின் பிற்பாதி இரவீந்திரநாத் தாகூரைக் குறிப்பது. எலும்புகளைத் தோண்டியெடுத்த 1961-ஆம் ஆண்டு கவிஞரின் நூற்றாண்டு விழா ஆண்டாக அமைந்தது.

புள்ளியியல் கழகத்திற்கும் டைனசாருக்கும் என்ன தொடர்பு? வருவோர் அனைவரும் கேட்கும் வினா இது. பெரும்பாலும் ஒரு புன்னகையே விடையாகக் கிடைக்கும். ஆயினும் விடை எளிது. திட்டப் பணியில் ஈடுபட்டோர் சற்று நின்று கேட்கத் தக்கதும் கூட.

மகலநோபிஸ் பயின்றது இயற்பியல். 1920-ஆம் ஆண்டு நாகபுரியில் நடைபெற்ற அறிவியல் மாநாட்டில், இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் தலைவராயிருந்த நெல்சன் அன்னண்டேல் அவரைச் சந்தித்தார். கல்கத்தா ஆங்கிலோ-இந்தியரின் உடல் அளவைகள் பலவற்றை அன்னண்டேல் திரட்டி வைத்திருந்தார். அவற்றை எவ்வாறு ஆராய்வது என்பது அவருக்கு விளங்கவில்லை. அந்த எண்களை மகலநோபிஸ் ஏற்றுக்கொண்டு ஆராய்ந்தார். அதன் பயனாக எழுந்த முதற் கட்டுரை 1922-இல் வெளியாயிற்று. வெளியிட்டது கணித இதழன்று. இந்திய அருங்காட்சியகத்தின் 'ரிக்கார்ட்ஸ்' என்னும் ஆய்விதழ். அப்பணியின் தொடர்ச்சியிலேயே, இன்று உலகெங்கும் அவர் பெயரால் வழங்கும் 'மகலநோபிஸ் தொலைவு' என்னும் அளவை 1936-இல் நிறைவு பெற்றது. இந்தியப் புள்ளியியலின் தொடக்கத்தில், அருங்காட்சியக வட்டாரத்தில் யாரோ பொறுமையாக அளந்து எழுதி வைத்திருந்த ஏடுகள் இருந்தன. எதற்குப் பயன்படும் என்று தெரியாமலே எழுதி வைத்தவை அவை.

ஆகவே 1957-இல் மகலநோபிஸ் தம் கழகத்தில் நிலவியலுக்கு ஒரு பிரிவு அமைக்க முற்பட்டது விசித்திரச் செயலன்று. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பாமெலா ராபின்சன் அம்மையார் அவரது அழைப்பின்பேரில் வந்து, தொல்லுயிர் ஆய்வுக்கு இளைஞர்களைப் பயிற்றினார். அவர்கள் களமாகத் தேர்ந்தது பிராணஹிதா-கோதாவரிப் பள்ளத்தாக்கு. அங்கு போச்சம்பள்ளி என்னும் சிற்றூரின் அருகே, ஏறத்தாழ 276 சதுர மீட்டர் பரப்பிற்குள், சுமார் 300 எலும்புகள் சிதறிக் கிடந்தன. கூடவே கல்லாக மாறிய பெரிய மரத்தண்டுகளும் கிடந்தன. விலங்குகளும் மரங்களும் ஒரே வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு ஓரிடத்தில் ஒதுங்கியிருக்க வேண்டும் என்பதை அக்கிடப்பே உணர்த்திற்று. எலும்புகள் குறைந்தது ஆறு விலங்குகளைச் சேர்ந்தவை.

புதைபடிவ எலும்பு கல்லாயிருப்பினும் உறுதியானதன்று. மண்ணை நீக்கியவுடன் வெயிலும் காற்றும் பட்டு விரிசல் காணும். எனவே, எலும்பின் மேற்புறத்தை வெளிப்படுத்தி, தாள் ஒட்டி, பாரிஸ் சாந்தில் தோய்த்த சாக்குத்துணிப் பட்டைகளால் சுற்றிக் கட்டி, இறுகிய பின்னரே கீழ்ப்புறத்தை அறுத்துப் புரட்டுவர். கைமுறிந்தவனுக்கு மருத்துவர் போடும் மாவுக்கட்டே இது. எடுத்த இடம், திசை, அடுத்த எலும்பிலிருந்து உள்ள தொலைவு ஆகியவற்றை வரைபடத்தில் குறித்த பிறகே கட்டு நகரும். அந்த வரைபடம் இல்லாவிட்டால் 300 எலும்புகளும் வெறும் கற்குவியலே. ஆய்வகத்தில் கட்டைப் பிரித்துச் சிறு உளிகளால் பாறையை நீக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் நடந்தது. 1975-இல்தான் சோஹன் லால் ஜெயின், டி. எஸ். குட்டி, தபன் ராய் சௌத்ரி, சங்கர் சாட்டர்ஜி ஆகியோர் அவ்விலங்கை முறைப்படி பெயரிட்டு விவரித்தனர். இரண்டாண்டு கழித்து, 1977-இல், எலும்புக்கூடு நிறுத்தப்பட்டது.

இத்தனை பெரிய விலங்கிற்குத் தலை கிடைக்கவில்லை. உடைந்த பற்கள் சிலவே கிடைத்தன. கூடத்தில் நிற்கும் மாணவன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, 'எவ்வளவு நீளம்' என்பதன்று. 'இதில் எது எலும்பு, எது சாந்து?' என்பதே. நல்ல அருங்காட்சியகம் அக்கேள்விக்கு மறைவின்றி விடை கூறும்.

கோண்டுவானம் என்னும் சான்று

அக்கூடத்தில் பாராபாசாரஸ் ஒன்றே நிற்பதாக எண்ணலாகாது. அதைவிடப் பழமையான டிரையாசிக் காலத்து ஊர்வனவும் அங்குள்ளன. அலகு போன்ற வாயுடைய ஹைப்பரோடபீடான், முதலை வடிவினதான பாராசூக்கஸ் என அவற்றின் பெயர்கள் நாவில் எளிதில் நிற்கமாட்டா. பெரிய டைனசாரைக் கண்ட கண்கள் இவற்றைக் கடந்துவிடுவது இயல்பு, அதுவே இழப்பு.

இவ்வகைச் சிறிய விலங்குகளுள் ஒன்றான லிஸ்ட்ரோசாரஸ் மட்டும் கண்டங்களின் வரலாற்றையே எடுத்துரைக்க வல்லது. பன்றியளவே உள்ள, இரு கோரைப்பற்களை உடைய தாவர உண்ணி இது. வங்காளத்து இராணிகஞ்சு நிலக்கரிப் பகுதியின் பாஞ்செட் பாறைகளில் இதன் எலும்புகள் உள்ளன, தென்னாப்பிரிக்காவிலும் உள்ளன, 1969-இல் பனி மூடிய அண்டார்க்டிகாவிலும் கண்டெடுக்கப்பட்டன. ஆழ்கடலை நீந்திக் கடக்கும் உடலமைப்பு இதற்கில்லை. அப்படியானால் அந்நிலங்கள் ஒருகாலத்தில் ஒன்றாய் இணைந்திருந்திருத்தல் வேண்டும். அப்பெருநிலத்திற்கு உலகம் வழங்கும் பெயர் கோண்டுவானா. மத்திய இந்தியாவின் கோண்டு மக்கள் வாழும் நாட்டின் பெயரை, 1872-இல் எச். பி. மெட்லிகாட் என்னும் நிலவியலறிஞர் அங்குள்ள பாறைத் தொகுதிக்குச் சூட்டினார். அப்பாறைகளே நாட்டின் நிலக்கரியில் பெரும்பகுதியைத் தருவன. நிலக்கரித் துறை அலுவலருக்கும் பாராசூக்கசுக்கும் இடையே அவர் நினைப்பதைவிட நெருங்கிய உறவு உண்டு.

சௌரங்கியில் ஒரு கடல்

நிலத்து விலங்குகளைக் கண்டவர் கடலைக் காண வேண்டுமாயின், அதே நகரின் சௌரங்கிக்குச் செல்லலாம். 1814-இல் தோன்றிய இந்திய அருங்காட்சியகம் அங்குள்ளது. சிவாலிக் குன்றுகளின் பழம் யானைகளையும் பேராமையையும் பார்த்தபின், முதுகெலும்பற்ற உயிர்களின் கூடத்திற்குள் நுழைந்தால் கூட்டம் குறைந்துவிடும். கண்ணாடிப் பெட்டிகளில் சுருண்ட ஓடுகள், சிப்பிகள், கல்லாகிய பவளங்கள்; மங்கிய பெயர்ச்சீட்டுகள். யானைக் கூடத்தில் ஆரவாரித்த பிள்ளைகள் இங்கு இரண்டு நிமிடம் நிற்பதும் அரிது.

அம்மோனைட் என்னும் சுருளோட்டு உயிரை வைணவ மரபில் வளர்ந்தோர் பார்த்திருப்பர், பெயர் தெரியாமலே. நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமக் கல்லினுள் சக்கரம் போல் தோன்றுவது இவ்வுயிரின் ஓடே. இமயம் எழுமுன் அங்கு அலை வீசிய டெத்திஸ் கடலில் நீந்தியது அது. நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றாகிய சாளக்கிராமத்திற்கு யாத்திரை போவோர், கடல் மட்டத்திலிருந்து வெகு உயரத்தில் ஒரு கடலடியின் மீது நடக்கின்றனர்.

தென்னாட்டுக் கடலின் சான்று அரியலூர் வட்டாரத்தில் இருக்கிறது. கோண்டுவானா பிளந்து இந்தியா தனித்து நகரத் தொடங்கிய பின், காவிரிப் படுகையில் கடல் புகுந்தது. ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, டைனசார்கள் மறைந்த 6.6 கோடி ஆண்டு எல்லை வரை, இடையிடையே ஏறியும் இறங்கியும் அக்கடல் அங்கு நின்றது. காரையின் செந்நிறக் களிமண் மேடுகளில் அம்மோனைட்டுகளும், அம்பு முனை போன்ற பெலம்னைட்டுகளும் மழைக்குப் பின் வெளிப்படும். இக்தியோசாரஸ் என்னும் மீனுருவக் கடல் ஊர்வனவற்றின் பற்களும் அங்குண்டு. இவ்விலங்கு டைனசார் அன்று. கடலுக்கே உரிய வேறு இனம். கட்ச் பகுதியின் லோடாயில் இதன் ஏறக்குறைய முழுமையான கூடு ஒன்று 5.5 மீட்டர் நீளத்தில் கிடைத்து, 2017-இல் அறிவிக்கப்பட்டது.

அரியலூர்ப் புதைபடிவங்களை 1840களில் இங்கிலாந்துக்கு அனுப்பினர். எட்வர்டு போர்ப்ஸ் அவற்றை விவரித்தார். பின்னர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பெர்டினாண்டு ஸ்டோலிஸ்கா, தென்னிந்தியக் கிரெட்டேசியக் கடலுயிர்களைப் பற்றிப் பெருந்தொகுதிகள் எழுதினார். மொராவியாவில் பிறந்த அவர் 1874-இல், யார்க்கந்துப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், லடாக்கின் மலைப் பாதையில் உயிர் நீத்தார், வயது 36. அவர் விவரித்த மூலமாதிரிகள் நிலவியல் ஆய்வுத் துறையின் கொல்கத்தா சேமிப்பிற்குரியவை. ஒன்றரை நூற்றாண்டு கடந்தும், அரியலூரில் ஒரு புதிய சிப்பி கிடைத்தால் அது புதியதா பழையதா என்று தீர்மானிக்க அந்த மாதிரிகளோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

இதனால் விளையும் பயன் யாது என்று வரவு செலவு ஆராய்வோர் கேட்பர். கேட்பது நியாயமே. காவிரிப் படுகையில் எண்ணெய் தேடித் துளையிடும்போது, ஆழத்திலிருந்து வரும் பாறைத் துகள் எக்காலத்தது என்பதை அதிலுள்ள நுண்ணிய கடலுயிர் ஓடுகளே காட்டுகின்றன. அவ்வரிசையைச் சரிபார்க்க, அதே படுகையின் பாறைகள் தரைமட்டத்தில் திறந்து கிடக்கும் அரியலூர் ஒரு திறவுகோல். மேலும் அரியலூர்ச் சிமெண்டுக்கு மூலமாகும் சுண்ணாம்புக்கல், கல்லங்குறிச்சி வட்டாரத்தில் பெருமளவுக்கு அக்கடலின் சிப்பிப் படுகைதான். எத்தனையோ இல்லங்களின் சுவரில் அந்தச் சிப்பிகள் பொடியாய்க் கலந்திருக்கின்றன. சுரங்கம் வேண்டா என்பது இதன் கருத்தன்று. சுரங்கம் வெட்டாவிடில் பல படிவங்கள் வெளிச்சத்திற்கே வந்திரா. வெட்டும் நாளில் பார்ப்பதற்கு ஒருவர் அங்கு இருந்தாரா என்பதே வினா.

பொடியாகிப் போன பேருடல்

ஒருவர் இருந்தும், கைக்கெட்டியது நில்லாமற்போன நிகழ்ச்சியும் அரியலூருக்கு உண்டு. கல்லமேடு அருகே கிடைத்த மாபெரும் எலும்புகளை, நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பி. யாதகிரி, கே. அய்யாசாமி ஆகிய இருவர் 1980களின் பிற்பகுதியில் விவரித்து, புருகத்காயோசாரஸ் எனப் பெயரிட்டனர். 'பேருடல் பல்லி' என்பது பொருள். இடுப்பெலும்பு, தொடை எலும்பின் பகுதி, வாலெலும்பு ஆகியவற்றோடு, 2 மீட்டர் நீளமுள்ள கணைக்கால் எலும்பும் அதில் அடக்கம். பாராபாசாரசின் தொடை எலும்பையும் மிஞ்சும் கணைக்கால் அது. முதலில் ஊனுண்ணி என்று கருதப்பட்ட அவ்விலங்கு, பின்னர் நீள்கழுத்துத் தாவர உண்ணியாகவே இருக்க வேண்டும் என்ற கருத்து வலுத்தது. உலகில் நடமாடிய நிலவிலங்குகளுள் மிகப் பெரியவற்றின் வரிசையில் அதனை வைத்துப் பேசுவோர் உளர். எலும்பே அன்று, கல்லான மரம் என்று ஐயுற்றோரும் இருந்தனர்.

ஐயத்தைத் தீர்க்க எலும்பு இல்லை. ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும் களிமண்ணில் கிடந்த அந்த எலும்புகள், சாந்துக் கட்டுக்குள்ளேயே உதிர்ந்து பொடியாயின. எஞ்சியவை சில படங்களும் விவரிப்பும். 2022-இல் அய்யாசாமி, மற்றோர் ஆய்வாளருடன் சேர்ந்து, அதுவரை வெளிவராத பழைய ஒளிப்படங்களை வெளியிட்டார்; அவற்றில் தெரிவது எலும்பே என்னும் கருத்து உறுதி பெற்றது. விலங்கின் எடை பற்றிய விவாதம் இன்று அந்த ஒளிப்படங்களை வைத்து நடைபெறுகிறது. தோண்டியவர்களின் ஆர்வத்திலோ அறிவிலோ குறையில்லை. எலும்பைக் கெட்டிப்படுத்தும் பசைகளும், பெருங்கட்டுகளைத் தூக்கும் வசதியும், உடனே வந்து சேரும் பயிற்சி பெற்ற கைகளும் களத்தருகே வேண்டியிருந்தன.

வைத்திருந்ததால் பேசியவை

பாதுகாத்து வைக்கப்பட்டவற்றின் கதை வேறு விதமானது. 1828-இல், ஜபல்பூரின் பாரா சிம்லா குன்றில், தக்கர்களை ஒடுக்கியதால் பெயர் பெற்ற ஸ்லீமன் சில எலும்புகளைக் கண்டெடுத்தார். 'டைனசார்' என்னும் சொல்லே 1842-இல்தான் பிறந்தது என்பதை நோக்க, இந்தியக் கண்டுபிடிப்பு எவ்வளவு முந்தியது என்பது விளங்கும். 1877-இல் லைடெக்கர் அவ்விலங்கிற்கு டைட்டனோசாரஸ் இண்டிகஸ் எனப் பெயரிட்டார். பிறகு எலும்புகள் எங்கு போயின என்றே தெரியவில்லை. பல்லாண்டுகள் காணாமற்போனவையாகவே அவை எண்ணப்பட்டன. 2012-இல், நிலவியல் ஆய்வுத் துறையின் கொல்கத்தா சேமிப்பிலேயே ஒரு வாலெலும்பு அடையாளம் காணப்பட்டது. அது வீட்டை விட்டு வெளியே போயிருக்கவில்லை. எந்த அறையில் இருக்கிறது என்பதைத்தான் வீடு மறந்திருந்தது.

குஜராத்தின் தோலி துங்ரியில் 1980களில் தனஞ்ஜய் மொஹபே ஒரு டைனசார்க் கூட்டினைக் கண்டார். முட்டைகளின் அருகே சிறு எலும்புகள் இருந்தன; குஞ்சின் எலும்புகள் என அவை கருதப்பட்டன. கல் பாதுகாக்கப்பட்டது. 2001-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி வில்சன் அதனைப் பார்த்தபோது, சில முள்ளெலும்புகள் பாம்பினுடையவை என்பது அவர் கண்ணிற் பட்டது. மேலும் ஆராய்ந்து 2010-இல் இருவரும் பிறரும் வெளியிட்ட முடிவு இது: உடைந்த முட்டையைச் சுற்றிச் சுருண்டு, வெளிவந்த குஞ்சை விழுங்கக் காத்திருந்த 3.5 மீட்டர் நீளப் பாம்பு, அந்நிலையிலேயே மண்சரிவில் புதைந்திருக்கிறது. சனாஜே இண்டிகஸ் என்பது அதன் பெயர். கல்லில் எதுவும் மாறவில்லை. பல்லாண்டுகளுக்குப் பின் அதே கல்லை வேறொரு கண் பார்த்தது, அவ்வளவே.

கட்சின் பனாந்த்ரோ பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் 2005-இல் எடுக்கப்பட்ட 27 முள்ளெலும்புகளும் இவ்வாறே முதலையினுடையவை என்று நெடுநாள் வைக்கப்பட்டிருந்து, 2024-இல் 11 முதல் 15 மீட்டர் வரை நீண்ட வாசுகி என்னும் பெரும்பாம்பாக வெளிப்பட்டன.

இவற்றினும் வியப்பானது காஷ்மீரத்துக் காலாகோட் கற்களின் வரலாறு. எண்ணெய், இயற்கை எரிவாயு ஆணையத்தின் நிலவியலாளர் ஏ. ரங்க ராவ் அவற்றைத் திரட்டினார். இண்டோஹையஸ் என்னும் சிறு குளம்பு விலங்கை 1971-இல் அவரே பெயரிட்டார். ஆயினும் திரட்டிய கற்களிற் பல உடைக்கப்படாமலே அவர் இல்லத்தில் கிடந்தன. அவர் மறைந்தபின் அவருடைய துணைவியார் அவற்றை ஆராய்ச்சிக்கென ஜே. ஜி. எம். தெவிஸ்ஸென் என்பவரிடம் ஒப்படைத்தார். ஆய்வகத்தில் மண்டையோடு ஒன்றைச் சுத்தம் செய்கையில் காது எலும்பு தற்செயலாக உடைந்து விலகியது. உள்ளே, திமிங்கிலக் குடும்பத்துக்கே உரியதெனக் கருதப்பட்ட தடித்த விளிம்பு காணப்பட்டது! பூனையைவிடச் சற்றே பெரிய, நீரோடைகளில் கால் பதித்து நடந்த அச்சிறு விலங்கு திமிங்கிலங்களின் நெருங்கிய உறவு என்பது 2007 டிசம்பரில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஓர் அம்மையார், கற்கள்தானே என்று கொட்டிவிடாமல் வைத்திருந்தார். அருங்காட்சியகம் செய்ய வேண்டிய பணியை ஓர் இல்லம் செய்தது.

தில்லியில் ஓர் இரவு

புதுதில்லியில் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அமைப்பதென, விடுதலையின் வெள்ளி விழா ஆண்டாகிய 1972-இல் முடிவு செய்யப்பட்டது. 1978 ஜூன் 5 அன்று, உலகச் சுற்றுச்சூழல் நாளில், அது மண்டி ஹவுஸ் அருகே திறக்கப்பட்டது. குழந்தைகள் தொட்டுப் பார்த்து அறிவதற்கென்றே ஓர் அறை அங்கிருந்தது. 16 கோடி ஆண்டுப் பழமையதென்று குறிக்கப்பட்ட டைனசார்த் தொடை எலும்பும் இருந்தது. தலைநகரில் பயின்ற பல தலைமுறை மாணவர்க்குக் காட்டுயிர் பற்றிய முதல் அறிமுகம் அக்கூடங்களே.

2016 ஏப்ரல் 26 அதிகாலையில் அங்கு தீ மூண்டது. விடிவதற்குள் காட்சிப் பொருள்கள் எரிந்து போயின. மைசூரு, போபால், புவனேசுவரம், சவாய் மாதோபூர் ஆகிய வட்டார மையங்கள் தனித்தனி இடங்களில் இருந்தமையால் அவற்றின் பொருள்களுக்குத் தீங்கில்லை. இரண்டாண்டு கழித்து, 2018 செப்டம்பரில், பிரேசில் நாட்டின் ரியோ நகரத் தேசிய அருங்காட்சியகமும் இவ்வாறே எரிந்தது. கட்டடத்தை மீண்டும் எழுப்பலாம். விலங்கின் மாதிரியுருவை மீண்டும் வார்க்கலாம். எரிந்த மூலமாதிரிக்கு ஈடில்லை.

இவ்விடத்தில் அலுவலர்கள் கருத வேண்டியது ஒன்றுண்டு. புதிய அருங்காட்சியகம் என்றவுடன் திட்ட மதிப்பீட்டில் முதலிடம் பெறுவன கட்டடம், முகப்பு, ஒலி-ஒளி ஏற்பாடு, கண்ணாடியிழையில் செய்த உறுமும் டைனசார் ஆகியன. இமாசலத்துச் சுகேதியில் 1974-இல் திறக்கப்பட்ட சிவாலிக் புதைபடிவப் பூங்காவில் நிற்கும் கண்ணாடியிழை உருவங்கள் பல்லாயிரம் சிறுவரை ஈர்த்துள்ளன. அவற்றைக் குறை கூறுவதற்கில்லை. குஜராத்தின் ரையோலியில், முட்டைப் படுகையின் அருகிலேயே 2019-இல் திறக்கப்பட்ட டைனசார் அருங்காட்சியகமும் வரவேற்கத்தக்கதே. ஆனால் பதிவேடு எழுதும் காப்பாட்சியர் பணியிடம், எலும்பைச் சீர்செய்யும் கைவினைஞர் ஊதியம், தீயணைப்புச் சாதனத்தின் ஆண்டுச் சோதனை ஆகியவை திறப்பு விழாவில் தெரிவதில்லை. தெரியாதவை மதிப்பீட்டிலிருந்து எளிதில் நீங்கிவிடுகின்றன.

சட்டத்தின் நிலையும் நெடுங்காலம் இவ்வாறே இருந்தது. கோயிலுக்கும் கோட்டைக்கும் தொல்பொருட் சட்டம் உண்டு. மனிதன் தோன்றுமுன் வாழ்ந்த உயிரின் படிவங்களுக்கென நாடளாவிய தனிச் சட்டம் இருக்கவில்லை. நிலவியல் மரபுச் சின்னங்களைக் காப்பதற்கான சட்ட வரைவு ஒன்று 2022 டிசம்பரில் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிடப்பட்டது.

சட்டத்திற்கு முன்பே, அறியாமலே காத்தவர்களும் உளர். மத்தியப் பிரதேசத்துத் தார் மாவட்டத்தில் 92 கூடுகளும் 256 முட்டைகளும் பதிவு செய்யப்பட்ட செய்தி 2023 தொடக்கத்தில் வெளியாயிற்று. அவ்வாண்டின் இறுதியில், அதே மாவட்டத்துப் பாட்லியா ஊரார் வயலைக் காக்கும் காகட் பைரவராகத் தலைமுறை தலைமுறையாக வழிபட்டு வந்த உருண்டைக் கற்கள் டைனசார் முட்டைகளே என்று லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவன ஆய்வாளர்கள் கண்டனர். வழிபட்டதால் அவை சிதையாதிருந்தன. அம்முட்டைகளை ஊராரிடமிருந்து பிரித்துத் தொலைநகருக்குக் கொண்டு செல்வதா, அங்கேயே எண்ணிட்டுப் பதிந்து, ஊராரையே காவலராக்குவதா என்பது மாவட்ட நிருவாகம் ஆராய வேண்டிய வினா. எண்ணிடுதல் மட்டும் எவ்வழியிலும் முதற்பணி.

கொல்கத்தாக் கூடத்திற்குச் செல்லும் மாணவர்கள் கழகத்திற்கு முன்கூட்டியே எழுதி இசைவு பெற்றுச் செல்வது நன்று. அரை நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முயல வேண்டியதில்லை. பாராபாசாரசின் ஒரே ஒரு முள்ளெலும்பின் முன் நின்று, அதன் குழிவுகளையும் தசை பற்றியிருந்த தழும்புகளையும் தாளில் வரைந்து பார்த்தால் போதும். பின்னர் கழுத்து முடியும் இடத்திற்குச் செல்லலாம். கோட்டா பாறைகள் கோதாவரிப் பள்ளத்தாக்கில் இன்றும் உள்ளன; மழை ஒவ்வோர் ஆண்டும் அவற்றைச் சிறிது கரைக்கிறது. அவ்விலங்கின் மண்டையோடு இன்னும் கிடைக்கவில்லை.